முதல் டெஸ்க்டாப் செயலி: உங்கள் நிரலுக்குக் காத்திருக்கக் கற்றுக்கொடுங்கள்

டெர்மினலில் ஓடும் நிரல்களை எழுதிப் பழகிய ஒருவர் முதன்முறையாக விண்டோ, பட்டன் என்று இறங்கும்போது அவரைத் தடுமாற வைப்பது பட்டன் அல்ல. இதுவரை அவர் எழுதிய நிரல் மேலிருந்து கீழாக ஓடியது. தானே கேள்வி கேட்டது, பதில் வரும்வரை நின்றது, கணக்குப் போட்டது, முடிந்தது. அடுத்து என்ன என்பதை நிரல்தான் முடிவு செய்தது. விண்டோ உள்ள நிரலில் அதை முடிவு செய்பவர் எதிரே உட்கார்ந்திருப்பவர். பெயர்ப் பெட்டியில் பாதி தட்டச்சு செய்துவிட்டு வேறு பட்டனை அழுத்துவார், விண்டோவின் ஓரத்தைப் பிடித்து இழுப்பார், ஒன்றுமே செய்யாமல் எழுந்தும் போவார். நிரலின் வேலை காத்திருப்பது. கூப்பிட்டதும் சட்டென்று வந்து, சொன்னதை முடித்து, மறுபடி காத்திருக்கப் போவது.

நான் புதியவர்களுக்குப் பைத்தான் சொல்லித்தருகிறேன். விண்டோ எழுத ஆரம்பித்ததும் என்னிடம் வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் மூன்று. "பட்டனை அழுத்துவதற்கு முன்பே ஃபங்ஷன் ஓடிவிடுகிறது." "வேலை நடக்கும்போது விண்டோ உறைந்துவிடுகிறது." "மெயின்லூப்புக்குக் கீழே எழுதிய வரி ஓடவே இல்லை." மூன்றுக்கும் வேர் ஒன்றுதான்: கட்டுப்பாடு இப்போது நம் கையில் இல்லை, காத்திருக்கும் சுழற்சியின் கையில் இருக்கிறது. மெயின்லூப் என்பது அந்தச் சுழற்சிதான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றவை தெளிந்துவிடும். அதனால் ஒரே ஒரு சிறிய கருவியை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை கட்டிப்பார்ப்போம்.

நான் எடுத்துக்கொள்வது என் அக்காவுக்காக எழுதியது: ஒரு ஃபோல்டரில் இருக்கும் படங்களுக்கு மொத்தமாகப் பெயர் மாற்றும் கருவி. ஸ்கேனரும் கேமராவும் வைக்கும் பெயர்களிலிருந்து எது யாருடைய கல்யாணம், எது எந்தப் பயணம் என்று கண்டுபிடிக்க முடியாது. அக்காவுக்கு நிரல் எழுதத் தெரியாது, டெர்மினலைத் திறக்கவும் மாட்டாள். அவளுக்குத் தேவை ஒரு விண்டோ.

எதைக் கொண்டு எழுதுவது?

பைத்தானில் விண்டோ எழுத உதவும் டிகின்டர் நூலகத்தைக் கொண்டு ஆரம்பியுங்கள். இதன் அடியில் இருக்கும் டிகே என்ற கருவித்தொகுப்பை டிக்கிள் மொழிக்காக ஜான் ஆஸ்டர்ஹவுட் உருவாக்கினார். அது 1991-இல் வெளிவந்தது. விண்டோஸில் பைத்தானை நிறுவும்போதே டிகின்டர் கூடவே வந்துவிடும். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் வகைகளில் அதற்கென்று உள்ள தனிப் பொதியை நிறுவ வேண்டியிருக்கும். இருக்கிறதா என்று பார்க்க டெர்மினலில் பைத்தான் என்று அடித்து, இடைவெளி விட்டு, சிறுகோடும் எம் எழுத்தும், மறுபடி இடைவெளி, பிறகு டிகின்டர் என்று எழுதி என்டர் தட்டுங்கள். சின்னச் சோதனை விண்டோ ஒன்று திறந்தால் எல்லாம் தயார்.

டிகின்டர் பழசாகத் தெரிகிறதே என்று பலர் கேட்பார்கள். பழசாகத் தெரிவது அதன் முதல் தலைமுறை பட்டன்கள்தான். 2007-இல் வந்த டிகே 8.5 பதிப்பிலிருந்து டிடிகே என்ற புதிய வரிசை அதோடு சேர்ந்தே வருகிறது. அந்தந்த இயங்குதளத்தின் தோற்றத்தை ஒட்டி இருக்கும். பட்டன், லேபிள், பெட்டி எதுவானாலும் டிடிகே-யிலிருந்தே எடுங்கள். க்யூட்டி என்ற வேறொரு கருவித்தொகுப்பு இதைவிட வளமானது, பெரிய செயலிகளுக்கு நான் அதைத்தான் சிபாரிசு செய்வேன். ஆனால் காத்திருக்கும் சுழற்சி, நிகழ்வு, அடுக்கும் முறை என்று இங்கே கற்பது எல்லாம் அங்கேயும் அப்படியே உதவும். கருவியைத் தேர்ந்தெடுப்பதிலேயே வாரக்கணக்கில் நிற்காதீர்கள்.

முதலில் விண்டோவே வேண்டாம்

இதை வற்புறுத்தியே சொல்வேன். விண்டோ இல்லாமல் வேலையை மட்டும் செய்யும் ஃபங்ஷன்களை முதலில் எழுதுங்கள். நம் கருவிக்கு இரண்டு போதும். முதலாவது ஃபோல்டரையும் முன்னொட்டையும் (எல்லாப் புதிய பெயர்களின் தொடக்கத்திலும் வரும் பொதுச் சொல்) வாங்கிக்கொண்டு, பழைய பெயர், புதிய பெயர் என்ற ஜோடிகளின் பட்டியலைத் தரும். எதையும் மாற்றாது, திட்டம் மட்டும் போடும். இரண்டாவது ஒரு ஜோடியை வாங்கி அந்த ஒரு ஃபைலுக்குப் பெயரை மாற்றும்.

இப்படிப் பிரிப்பதால் என்ன லாபம்? பெயர் மாற்றத்தில் ஒரு கோளாறு என்றால் அது விண்டோவிலா வேலையிலா என்று தேட வேண்டியதில்லை. டெர்மினலில் இரண்டு வரி அடித்தாலே தெரிந்துவிடும். நாளைக்கே க்யூட்டிக்கு மாறினாலும் இந்தப் பகுதியைத் தொட வேண்டாம்.

திட்டம் போடும் ஃபங்ஷனில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். எண்களை 1, 2, 3 என்று வைத்தால் பெயர்வாரி வரிசையில் 10 வந்து 2-க்கு முன்னால் நிற்கும் இடங்கள் உண்டு. 001, 002 என்று முன்னால் சுழியம் நிரப்புங்கள். பைத்தானின் இசட்ஃபில் அதற்காகவே இருக்கிறது. இரண்டாவது ஆபத்தானது. புதிய பெயரில் ஏற்கெனவே ஒரு ஃபைல் இருந்தால், விண்டோஸில் பைத்தானின் ரீனேம் பிழை காட்டி நின்றுவிடும். லினக்ஸிலும் மேக்கிலும் அப்படி நிற்காது. பழைய ஃபைலின் மேலேயே ஓசையில்லாமல் எழுதிவிடும், அந்தப் படம் போய்விடும். ஆகவே திட்டம் போடும்போதே புதிய பெயர்களில் ஏதாவது ஃபோல்டரில் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மறுத்துவிடுங்கள். சோதனையை எப்போதும் படங்களின் நகல் உள்ள ஃபோல்டரில் செய்யுங்கள்.

அப்புறம் ஒரு தாளை எடுத்து விண்டோவை வரையுங்கள். அக்கா என்ன வரிசையில் கை வைப்பாள்? ஃபோல்டரைத் தேர்ந்தெடுப்பாள், பெயரை எழுதுவாள், எப்படி மாறும் என்று பார்ப்பாள், மாற்றுவாள். அந்த வரிசையில்தான் விண்டோவில் பொருள்கள் மேலிருந்து கீழே வர வேண்டும்: மேலே ஃபோல்டர் பட்டன், அடுத்து பெயர் எழுதும் பெட்டி, நடுவில் பெரிதாகப் பழைய பெயர், புதிய பெயர் என்று இரண்டு நெடுவரிசைப் பட்டியல், கீழே "பெயர் மாற்று" பட்டன்.

விண்டோ, அடுக்குதல், இழுத்துப் பார்த்தல்

ஒரு வெற்று விண்டோவுக்கு வேண்டியது மிகக் கொஞ்சம்: டிகின்டரை இறக்குமதி செய்வது, டிகே-யை அழைத்து ஒரு மாறியில் வைப்பது, கடைசியில் அந்த மாறியின் மெயின்லூப்பை அழைப்பது. அந்தக் கடைசி வரியில்தான் கட்டுப்பாடு கைமாறுகிறது. மெயின்லூப் உள்ளே போனால் விண்டோ மூடும்வரை வெளியே வராது. அழுத்தப்பட்ட விசை, நகர்ந்த மவுஸ், மறைந்து மீண்டும் தெரியும் விண்டோவை வரையச் சொல்லும் கட்டளை என்று வரிசையில் வந்து நிற்கும் நிகழ்வுகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதற்குரிய ஃபங்ஷனை அழைத்துக்கொண்டே இருக்கும். அதற்குக் கீழே எழுதிய வரி விண்டோ மூடிய பிறகே ஓடும். ஆகவே பட்டன், பெட்டி எல்லாவற்றையும் அதற்கு மேலே அமைத்துவிடுங்கள்.

பொருள்களை வைக்க டிகின்டர் மூன்று வழி தருகிறது: பேக், கிரிட், பிளேஸ். புதியவர்களுக்குப் பிளேஸ்தான் பிடிக்கும். இத்தனையாவது பிக்சலில் வை என்று சொன்னால் அங்கே வைக்கும். தவிர்த்துவிடுங்கள். வேறு கணினியில் எழுத்தளவு பெரிதாக இருந்தால் லேபிள் பட்டன்மேல் ஏறி நிற்கும். கிரிட் வரிசை, நெடுவரிசை கணக்கில் வைக்கும், நமக்கு அதுவே பொருத்தம். பேக், கிரிட் இரண்டையும் ஒரே பெற்றோருக்குள் (பொருள்களைத் தாங்கி நிற்கும் விண்டோ அல்லது ஃபிரேம் என்ற உள்சட்டம்) கலக்க முடியாது, பிழை வரும். ஒரு ஃபிரேமுக்குள் ஒரே முறை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிரிட்டில் எல்லோரும் விட்டுவிடும் ஒரு விஷயம் வெயிட். விண்டோ பெரிதாகும்போது கிடைக்கும் கூடுதல் இடம் எந்த வரிசைக்கு, எந்த நெடுவரிசைக்கு என்று நாம்தான் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எல்லாம் அதே அளவில் அப்படியே நிற்கும், வலப்பக்கமும் கீழேயும் வெற்றிடம். நம் கருவியில் பட்டியல் இருக்கும் வரிசைக்கும் நெடுவரிசைக்கும் வெயிட் 1 கொடுங்கள், மற்றவை சுழியமாகவே இருக்கட்டும். அதோடு பட்டியலுக்கு ஸ்டிக்கியில் நான்கு திசைகளையும் கொடுங்கள். அப்போதுதான் கிடைத்த இடம் முழுவதையும் நிரப்பும். பட்டியல் ஒரு ஃபிரேமுக்குள் இருந்தால் அந்த ஃபிரேமுக்கும், அதன் பெற்றோருக்கும் இதையே செய்ய வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டாலும் நீளாது.

ஒவ்வொரு பொருளைச் சேர்த்ததும் விண்டோவின் மூலையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பெரிதாக்குங்கள், நன்றாகச் சுருக்குங்கள். எல்லாவற்றையும் வைத்த பிறகு சரிசெய்வதைவிட இது எவ்வளவோ எளிது.

பட்டனை வேலையோடு இணைப்பது

பட்டனை உருவாக்கும்போது கமாண்ட் என்ற இடத்தில் ஒரு ஃபங்ஷனின் பெயரைக் கொடுக்கிறோம். பெயரை மட்டும், பின்னால் அடைப்புக்குறி இல்லாமல். அடைப்புக்குறி போட்டால் அந்த நொடியே ஃபங்ஷனை ஓடச் சொன்னதாகிவிடும். ஓடி முடித்து அது திருப்பித் தரும் ஒன்றுமின்மைதான் பட்டனுக்குப் போய்ச் சேரும். முதலில் சொன்ன "அழுத்தும் முன்பே ஓடிவிடுகிறது" இதுதான். நாம் செய்ய வேண்டியது, "இவர் அழுத்தினால் இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு" என்று சுழற்சியிடம் பெயரை ஒப்படைத்துவிட்டு ஒதுங்குவது.

ஃபார் சுழற்சியில் பல பட்டன்களை லாம்டா (பெயரில்லாத ஒருவரி ஃபங்ஷன்) வைத்து உருவாக்கினால், எதை அழுத்தினாலும் கடைசி மதிப்பே வரும். லாம்டா மாறியின் மதிப்பைப் பட்டன் பிறக்கும்போது எடுப்பதில்லை, அழுத்தும்போதுதான் பார்க்கிறது. அதற்குள் மாறி கடைசி மதிப்புக்குப் போயிருக்கும். லாம்டாவின் அளவுருவாக அந்த மதிப்பை முன்னிருப்பாகக் கொடுத்தால் தீர்ந்தது.

ஃபோல்டர் பட்டனுக்கு ஆஸ்க்டைரக்டரி என்ற தயார்நிலை உரையாடல் பெட்டி இருக்கிறது. இங்கே ஒரு கண்ணி ஒளிந்திருக்கிறது. அக்கா ஃபோல்டர் தேர்ந்தெடுக்காமல் ரத்து செய்தால் அது வெற்று மதிப்பைத் தரும். வெற்றுச் சரத்தைப் பைத்தானின் பாத்துக்குக் கொடுத்தால் அது நிரல் ஓடிக்கொண்டிருக்கும் நடப்பு ஃபோல்டரையே குறிக்கும். சோதிக்காமல் விட்டால் சம்பந்தமே இல்லாத ஃபைல்களுக்குப் பெயர் மாறும். மதிப்பு வெற்றாக இருந்தால் ஒன்றும் செய்யாமல் திரும்பிவிடுங்கள்.

முன்னொட்டுப் பெட்டிக்கு அதன் எழுத்தை வைத்திருக்கும் டிகின்டர் மாறியான ஸ்ட்ரிங்வாரை இணைத்து, அது மாறும்போதெல்லாம் திட்டம் போடும் ஃபங்ஷனை அழைக்கும்படி ட்ரேஸ் வையுங்கள். அக்கா ஒரு எழுத்து தட்டச்சு செய்ததும் பட்டியலில் எல்லாப் புதிய பெயர்களும் மாறித் தெரியும். "முன்னோட்டம்" என்று தனிப் பட்டனே தேவையில்லை. இந்தக் கருவியில் அக்காவுக்கு மிகவும் பிடித்தது இதுதான்: மாற்றுவதற்கு முன்பே கண்ணால் பார்க்கிறாள், அதனால் தைரியமாக அழுத்துகிறாள்.

பட்டியலின் பக்கத்தில் ஒரு சிறுபடம் காட்ட ஆசைப்பட்டால், டிகின்டரில் படத்தைத் தாங்கும் ஃபோட்டோஇமேஜை ஃபங்ஷனுக்குள் மட்டும் வைத்திருந்தால் படம் தோன்றாமல் வெற்றிடமாக நிற்கும். ஃபங்ஷன் முடிந்ததும் பைத்தான் அதைக் குப்பையாகக் கருதி நீக்கிவிடுகிறது. லேபிளின் ஒரு பண்பாகவோ, கிளாஸின் மாறியாகவோ பிடித்து வையுங்கள். ஜேபெக் படம் என்றால் பில்லோ நூலகமும் வேண்டும்.

விண்டோ உறையாமல் இருக்க

இந்தப் பகுதியை மெதுவாகப் படியுங்கள். பெயர் மாற்று பட்டனின் ஃபங்ஷனுக்குள் ஒரு ஃபார் சுழற்சி போட்டு எல்லாப் படங்களையும் மாற்றினால் என்ன ஆகும்? நகலில் சோதிக்கும்போது கண்ணிமைக்கும் நேரத்தில் முடிந்துவிடும், சரியாக இருப்பதாகவே தோன்றும். மெதுவான யூஎஸ்பி டிரைவில் ஆயிரக்கணக்கான படங்கள் என்றால் கதை வேறு. நம் ஃபங்ஷன் திரும்பி வரும்வரை மெயின்லூப் வேறு எதையும் கவனிக்க முடியாது. விண்டோ வரையப்படாது, மூடும் பட்டனும் வேலை செய்யாது. சுமார் 5 நொடி விண்டோ பதில் தராவிட்டால் விண்டோஸே அதைப் பதிலளிக்காத செயலி என்று தலைப்பில் எழுதிவிடும். பார்ப்பவர் பாதியில் நிறுத்திவிடுவார், அல்லது பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்துவார். அந்த அழுத்தல்கள் வரிசையில் நின்று, வேலை முடிந்ததும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும்.

எவ்வளவு நேரம்வரை பொறுப்பார்கள்? பயன்பாட்டு வசதி வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 1993-இல் எடுத்துச் சொன்ன மூன்று எல்லைகளை நான் இன்றும் பின்பற்றுகிறேன். 0.1 நொடிக்குள் பதில் வந்தால் உடனே நடந்ததாகத் தோன்றும். 1 நொடிவரை தாமதம் தெரியும், ஆனால் நினைப்பு அறுபடாது. 10 நொடியைத் தாண்டினால் கவனம் வேறெங்கோ போய்விடும். எவ்வளவு முடிந்தது என்று காட்டியே ஆக வேண்டும். உங்கள் பட்டன் ஃபங்ஷன் எதுவும் 0.1 நொடிக்கு மேல் பிடித்து வைக்கக்கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்கு எளிய வழி ஆஃப்டர். இத்தனை மில்லிநொடி கழித்து இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு என்று சுழற்சியிடம் சொல்லிவைக்கும் வசதி அது. நாம் எழுத வேண்டிய ஃபங்ஷன் ஒரே ஒரு படத்துக்குப் பெயர் மாற்றும், முன்னேற்றப் பட்டையை ஒரு படி நகர்த்தும், மீதி இருந்தால் ஆஃப்டர் மூலம் 1 மில்லிநொடி கழித்துத் தன்னையே கூப்பிடச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடும். இரண்டு படங்களுக்கு நடுவே சுழற்சிக்கு மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. "நிறுத்து" பட்டனும் எளிதாக அமைந்துவிடும்: அது ஒரு மாறியை மாற்றும், ஒவ்வொரு படிக்கும் முன் நம் ஃபங்ஷன் அந்த மாறியைப் பார்க்கும். முதல்வேலையாக "பெயர் மாற்று" பட்டனைச் செயலிழக்கச் செய்யுங்கள், முடிந்ததும் திருப்பிவிடுங்கள்.

டைம் தொகுதியின் ஸ்லீப்பை விண்டோ நிரலில் எங்கேயும் போடாதீர்கள். அது காத்திருக்க வைப்பது உங்கள் ஃபங்ஷனை மட்டுமல்ல, மொத்தச் சுழற்சியையும். ஓடும் வேலைக்கு நடுவே, காத்திருக்கும் நிகழ்வுகளை உடனே கவனிக்க வைக்கும் அப்டேட்டை அழைத்துச் சமாளிக்கச் சொல்லும் அறிவுரையும் நிறையக் கிடைக்கும். அதை நான் ஏற்பதில்லை. ஒரு நிகழ்வுக்கு நடுவே இன்னொரு நிகழ்வு புகுந்து, அதே ஃபங்ஷன் தனக்குள்ளேயே மறுபடி ஆரம்பிக்கும் நிலை வரும்.

த்ரெட், அதாவது நிரலுக்குள் பக்கத்திலேயே ஓடும் தனி ஓட்டம், எப்போது? ஒரு படியே நீளமாக இருக்கும்போது. பெரிய ஃபைலைப் பதிவிறக்குவதைத் துண்டாக்கித் தர வழியில்லை என்றால் அதைத் தனி த்ரெட்டில் ஓடவிடுங்கள். ஆனால் அந்த த்ரெட் விண்டோவில் உள்ள எதையும் தொடக்கூடாது. லேபிளின் எழுத்தைக்கூட மாற்றக்கூடாது. செய்தியை க்யூ என்ற வரிசைப் பெட்டியில் போடட்டும். விண்டோ பக்கம் ஆஃப்டர் வைத்து 100 மில்லிநொடிக்கு ஒருமுறை, காத்து நிற்காமல் அந்த க்யூவைத் திறந்து பார்த்து, செய்தி இருந்தால் திரையில் காட்டட்டும்.

பிழை, மூடுதல், திரும்பப் பெறுதல்

பட்டன் ஃபங்ஷனுக்குள் பிழை வந்தால் டிகின்டர் செயலியை நிறுத்தாது. பிழையை டெர்மினலில் எழுதிவிட்டுச் சுழற்சி தொடரும். டெர்மினல் இல்லாமல் திறப்பவருக்கு எதுவும் தெரியாது. அழுத்தினேன், ஒன்றும் நடக்கவில்லை என்பார். முதன்மை விண்டோவின் ரிப்போர்ட்_கால்பேக்_எக்ஸெப்ஷன் என்ற இடத்தில் உங்கள் ஃபங்ஷனை வைத்தால் பிழைகளெல்லாம் அங்கே வரும். அங்கிருந்து ஒரு செய்திப் பெட்டி காட்டுங்கள், விவரத்தை ஒரு ஃபைலிலும் எழுதுங்கள். செய்தியில் எந்தப் படம், ஏன் முடியவில்லை, இப்போது என்ன செய்யலாம் என்பது இருக்கட்டும்.

வேலை நடக்கும்போது விண்டோவை மூடினால் என்ன என்பதையும் முடிவு செய்யுங்கள். ப்ரோட்டோகால் மூலம் மூடும் நிகழ்வை உங்கள் ஃபங்ஷனுக்குத் திருப்பலாம். துண்டு துண்டாக ஓடும் வேலை என்பதால், நிறுத்தும் மாறியை மாற்றி, கையிலிருக்கும் படத்தை முடித்து, பிறகு மூடுவது எளிது.

பெயர் மாற்றுவதற்கு முன் ஜோடிகளின் பட்டியலை அதே ஃபோல்டரில் ஜேசன் என்ற உரை வடிவ ஃபைலாகச் சேமியுங்கள். "பழைய பெயருக்குத் திருப்பு" பட்டன் அதைக் கடைசியிலிருந்து முன்னோக்கிப் படித்து மாற்றினால் போதும். உண்மையிலேயே மாற்றவா என்று ஒவ்வொரு முறையும் கேட்கும் பெட்டியைவிட இது பெரிய பாதுகாப்பு. கேட்கும் பெட்டிக்குப் பழகியவர்கள் படிக்காமலே சரி அழுத்திவிடுகிறார்கள். பட்டனில் வெறும் சரி என்று எழுதாமல் என்ன நடக்குமோ அதை எழுதுங்கள்: "38 படங்களின் பெயரை மாற்று" என்று எண்ணோடு காட்டினால் தவறான ஃபோல்டர் என்றால் அங்கேயே தெரிந்துவிடும்.

டேப் விசையை அழுத்தி எல்லா இடத்துக்கும் போக முடிகிறதா என்றும் பாருங்கள். டிகின்டரில் அந்த வரிசை பொருள்களை உருவாக்கிய வரிசையைப் பின்பற்றும். அதனால் தாளில் வரைந்த வரிசையிலேயே உருவாக்குங்கள்.

அதன் பிறகு வேறொருவரை உட்கார வையுங்கள். பக்கத்தில் இருங்கள், வாய் திறக்காதீர்கள். அக்கா முதல்முறை உட்கார்ந்தபோது பெட்டியில் பெயரை எழுதி என்டர் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். அவளுக்கு அதுவே இயல்பு. அன்றே என்டர் விசையை அந்தப் பெட்டியில் பைண்ட் செய்து (ஒரு ஃபங்ஷனோடு இணைத்து), பெயர் மாற்று பட்டனுக்கு ஃபோகஸ் போகும்படி வைத்தேன். நேராக மாற்றிவிடும்படி வைக்கவில்லை, பட்டியலை ஒருமுறை பார்க்கட்டும் என்பதற்காக.

இன்னொருவர் கணினிக்குக் கொடுப்பது

பைஇன்ஸ்டாலர் உங்கள் நிரலையும் பைத்தானையும் சேர்த்துக் கட்டித்தரும். எந்த இயங்குதளத்தில் கட்டுகிறீர்களோ அதற்கான செயலிதான் கிடைக்கும். விண்டோஸுக்கு வேண்டுமென்றால் விண்டோஸில் கட்ட வேண்டும். ஒரே ஃபைலாகவும் கட்டலாம், ஃபோல்டராகவும் கட்டலாம். ஒரே ஃபைல் பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தன்னைத் தற்காலிக இடத்தில் விரித்துக்கொள்வதால் திறக்கத் தாமதமாகும். நான் ஃபோல்டராகவே கொடுக்கிறேன். விண்டோஸில் எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால், திரையின் அளவு மாற்றத்தை நிரல் தானே கையாளும் என்று பைத்தானின் சிடைப்ஸ் தொகுதி வழியாக விண்டோஸிடம் விண்டோ உருவாகும் முன்பே சொல்லிவிட வேண்டும். ஐகான் போன்ற ஃபைல்களை நடப்பு ஃபோல்டரிலிருந்து தேடாமல், நிரல் இருக்கும் இடத்திலிருந்து தேடும்படி பாதையை எழுதுங்கள். கட்டியதைப் பைத்தான் நிறுவாத ஒரு கணினியில் திறந்து பாருங்கள். விட்டுப்போன ஃபைல்கள் அங்கேதான் தெரியவரும்.